பிறவாதவர் பங்கு

பிறமொழிச் சொற்றொடர் ஒன்று தமிழுக்கு வரும்போது, அதனுள் மறைந்து கிடந்த வழக்கு சில வேளைகளில் வெளிப்பட்டுவிடுகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில் நார்வே நாட்டுப் பிரதமர் புருன்ட்லாண்ட் அம்மையார் தலைமையில் அமைந்த ஆணையம் 1987-இல் வெளியிட்ட அறிக்கை, உலகெங்கும் ஒரு கருத்தைப் பரப்பியது. இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவு செய்துகொள்ளலாம். ஆனால் வருந்தலைமுறை தன் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலை அது கெடுத்துவிடலாகாது என்பதே அக்கருத்து. இதற்கு நம்மவர் இரண்டு பெயர்களை வழங்கி வருகின்றனர். 'நீடித்த வளர்ச்சி' என்பார் சிலர். 'வளங்குன்றா வளர்ச்சி' என்பார் சிலர். இரண்டும் ஒன்றே என எண்ணி நாமும் மாறி மாறி எழுதுகிறோம்.

இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் நீடிக்க வேண்டுவது வளர்ச்சி. பின்னதில் குன்றாதிருக்க வேண்டுவது வளம். காட்டை விற்ற பணத்தில் கல்லூரியும் தொழிற்சாலையும் எழுப்பினால் பேரனுக்கு இழப்பில்லை என்று முன்னதைக் கொண்டவர் சொல்லலாம். பின்னதைக் கொண்டவரோ, பேரனுக்குக் கல்லூரி மட்டும் போதாது, காடும் வேண்டும் என்பார். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இராபர்ட் சோலோ முதற்கட்சியின் தலைசிறந்த வழக்குரைஞர். வருங்காலத்தார்க்கு நாம் கடன்பட்டிருப்பது இன்ன மலை, இன்ன ஆறு என்னும் குறித்த பொருள்களை அன்று. நம்மளவு நன்றாக வாழும் ஆற்றலையே என்பது அவர் கொள்கை. ஹெர்மன் டேலி என்பார் மற்றைக் கட்சியினர். படகு பெருகப் பெருக மீன் பெருகிய காலம் போயிற்று. இனிக் கடலில் மீன் எவ்வளவோ அவ்வளவே பிடிக்க முடியும், மீன் இல்லாத கடலுக்குப் படகு ஈடாகாது என்பது அவர் காட்டிய உவமை. ஆங்கிலத்தில் ஒரே பெயருக்குள் அடங்கிப் பூசலிட்ட இவ்விரு கட்சியும் தமிழில் இரண்டு பெயர்களாகப் பிரிந்து நிற்பது நமக்கு ஒரு வாய்ப்பு. எப்பெயரைச் சொல்கிறோமோ அக்கட்சிக்கு நாம் பொறுப்பாளிகள் ஆகிறோம் அன்றோ!

1992-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு இரியோ நகரில் கூடிய புவி மாநாடு, ஒவ்வொரு நாடும் இதற்கெனத் தேசியச் செயல்நெறி ஒன்றை வகுத்துக்கொள்ள வேண்டும் எனக் கேட்டுக்கொண்டது. நம் நாட்டில் இத்தகைய ஏடுகளுக்குக் குறைவில்லை. 1976-இல் நிறைவேறிய 42-ஆம் திருத்தம், சுற்றுச்சூழலைக் காப்பதை அரசின் நெறியாகவும் குடிமக்கள் கடமையாகவும் அரசியலமைப்பில் எழுதியது. நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த அத்திருத்தத்தின் பல கூறுகள் பின்னாளில் களையப்பட்டன. இவ்விரு கூறுகளும் நின்றுவிட்டன. இரியோ மாநாடு கூடிய அதே 1992-இல் தேசியப் பாதுகாப்புச் செயல்நெறி வந்தது. 2006-இல் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கை. 2008-இல் எட்டு இயக்கங்களைக் கொண்ட தட்பவெப்பநிலை மாற்றச் செயல்திட்டம். 2015-இல் உலக நாடுகளோடு சேர்ந்து நாம் ஒப்புக்கொண்ட 17 குறிக்கோள்கள். அக்குறிக்கோள்களில் எந்த மாநிலம் எத்தனை மதிப்பெண் பெற்றது என்று நிதி ஆயோக் 2018 முதல் பட்டியலும் வெளியிட்டு வருகிறது. மாணவர்க்கு மதிப்பெண் இடுவது போல மாநிலங்களுக்கு இடுவதில் தவறில்லை. ஆனால் யார் சார்பில் இந்தத் தேர்வு நடக்கிறது என்னும் வினா அப்படியே நிற்கிறது. பிறவாதவருக்கு நாம் கடன்பட்டவர்களா? பட்டவர்கள் என்றால், அக்கடனை நம்முள் எவர் அடைப்பது?

முதல் வினா தோன்றும் அளவுக்கு எளிதன்று. இல்லாத ஒருவனுக்கு உரிமை எப்படி இருக்கும்? உரிமை கேட்க ஓர் ஆள் வேண்டும். அவனோ இன்னும் கருவிலும் உருவாகவில்லை. இவ்வையத்தை இன்னும் கூர்மையாக்கியவர் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் டெரிக் பார்பிட். 1984-இல் வெளிவந்த தம் நூலில் அவர் காட்டும் முடிச்சு இது: ஒரு நாடு வளத்தையெல்லாம் செலவழிக்கும் கொள்கையை ஏற்கிறது என்று கொள்வோம். அக்கொள்கையால் மக்கள் வாழும் ஊர்கள் மாறும், தொழில்கள் மாறும், யார் யாரை மணப்பர் என்பது மாறும், எக்காலத்தில் எக்குழந்தை பிறக்கும் என்பதும் மாறும். இரண்டு நூற்றாண்டு சென்றால், வேறு கொள்கை இருந்திருப்பின் பிறந்திருக்கக்கூடிய மக்களுள் ஒருவரேனும் அங்கிரார். இருப்பவர் யாவரும் இக்கொள்கை இல்லையேல் பிறந்தே இராதவர். வறண்ட நிலத்தில் நின்று, 'எனக்குத் தீங்கு செய்தீரே' என்று நம்மைக் குற்றஞ்சாட்ட அவர்க்கு வாய் ஏது? அத்தீங்கு இல்லையேல் அவரே இல்லையே!

இம்முடிச்சை அவிழ்க்க அறிஞர்கள் பலர் முயன்றுள்ளனர். நமக்கோ சோழநாட்டுக் கோயிற் சுவர்கள் நினைவுக்கு வருகின்றன. நந்தா விளக்கு ஒன்று எரிய அக்காலத்தார் கோயிலுக்கு விட்ட ஆடுகள் பெரும்பாலும் 96. அவற்றைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கும். சாவாத ஆடும் மூப்படையாத ஆடும் உலகில் உண்டோ? ஆடு சாகும், சாவதற்குள் குட்டி ஈனும், மந்தையின் எண்ணிக்கை 96-இற்குக் குறையலாகாது என்பதே கட்டளை. அம்மந்தையை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு? சந்திரனும் சூரியனும் உள்ள வரைக்கும்.

இங்கே கடன் எந்த ஆட்டுக்கும் உரியதன்று. நாளை விளக்கு முன் நிற்கப்போகும் வழிபடுவோன் பெயரும் எழுதப்படவில்லை. அவன் எவனாயினும் ஆகுக. அவன் வரும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவே. பார்பிட் கேட்டது, 'இன்னானுக்கு என்ன தீங்கு?' என்னும் கேள்வி. அறக்கட்டளையை ஏற்றவனிடம் கேட்கத்தக்கதோ, 'உன் கையில் கொடுத்த மந்தை எங்கே?' என்பது. முன்னதற்கு விடை தெரியாவிட்டாலும் பின்னதற்கு விடை சொல்லியாக வேண்டும். நிலத்தையும் நீரையும் நாம் படைக்கவில்லை, பெற்றோம். பெற்றதற்குக் கணக்குக் காட்டும் கடமை, கேட்பவன் பிறக்கும் வரைக்கும் காத்திருப்பதில்லை.

கணக்கு என்றதும் ஒருவரை நினையாமல் இருக்க முடியவில்லை. தஞ்சையில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா தொழிலால் கணக்காயர். இலண்டனில் பயின்று பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தியவர். பின்னர் அமெரிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் கற்றவர். காந்தியடிகளைச் சந்தித்த பின் கோட்டும் தொழிலும் துறந்து, 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பணியை வார்தாவில் மேற்கொண்டார். சிறைப்பட்டிருந்த காலத்தில் அவர் எழுதிய நூல், நிலைபேற்றின் பொருளியல் என்று பொருள்படும் தலைப்போடு 1945-இல் காந்தியடிகளின் முன்னுரை பெற்றது. புருன்ட்லாண்ட் அறிக்கைக்கு அது 42 ஆண்டு மூத்தது. நிலக்கரி, எண்ணெய், இரும்புக்கல் போன்றவை அளவுபட்ட சேமிப்பு. எடுக்க எடுக்கத் தீர்வன. ஓடும் ஆற்றுநீரும் வளரும் மரமும் ஊற்றுப் போல வந்துகொண்டிருப்பவை. வருமளவே கொண்டால் என்றும் தீரா. முன்னதன்மேல் கட்டிய வாழ்வு நிலையாது, பின்னதன்மேல் கட்டியது நிலைக்கும் என்பது அவர் காட்டிய பாகுபாடு. தணிக்கையாளர் கண்ணுக்கு இது வெறும் முதற்பாடம். முதலை எடுத்துச் செலவழித்துவிட்டு அதை வருமானம் என்று எழுதும் வணிகனின் கணக்கில் எந்தத் தணிக்கையாளரும் கையொப்பமிடார். நாடுகளோ ஆண்டுதோறும் அப்படித்தான் எழுதுகின்றன. வெட்டிய மரமும் தோண்டிய கனிமமும் வருமானப் பக்கத்தில் ஏறும். குறைந்த காடும் வெறுமையான மலையும் எந்தப் பக்கத்திலும் இடம்பெறா. ஐந்தாண்டுத் திட்டங்களின் பெருமிதக் காலத்தில் குமரப்பாவைப் பழைமைவாதி என்று ஒதுக்கியோர் பலர். அவருடைய எல்லாக் கருத்துகளையும் நாமும் ஏற்பதற்கில்லை. எந்திரத்தின்மேல் அவர் கொண்ட ஐயம் சில இடங்களில் அளவு மீறியது. ஆனால் கணக்குப் பிழையைச் சுட்டிய இடத்தில் அவரை மறுத்தவர் இலர், கேளாதிருந்தவரே மிகுதி.

இக்கணக்குப் பிழை ஏட்டளவில் நிற்பதன்று. தலைநகரில் வாழும் நாம் அக்டோபர் முடிந்து நவம்பர் பிறக்கும்போது அதை மூச்சில் உணர்கிறோம். அதன் வரலாறு பஞ்சாபில் தொடங்குகிறது. 1965-66, 1966-67 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அடுத்தடுத்து மழை பொய்த்தபோது, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு கை நீட்டி நின்றது. அந்த இழிவிலிருந்து நாட்டை மீட்டவர்களுள் பஞ்சாப் உழவர் முன்வரிசையினர். நாடு விதை தந்தது, உரம் தந்தது, விளைந்ததை நிலையான விலைக்குக் கொள்முதல் செய்வதாக உறுதி தந்தது. கோதுமையோடு நெல்லும் வேண்டும் என்றது. 1960-61-இல் ஏறத்தாழ இரண்டேகால் இலட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்த அம்மாநிலத்தில், அண்மை ஆண்டுகளில் 30 இலட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் நடப்படுகிறது. சப்பாத்தி உண்ணும் மக்கள் தாம் உண்ணாத நெல்லைப் பயிரிட்டனர். ஒரு கிலோ அரிசிக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் நீர் வேண்டும். அந்நீரில் பெரும்பகுதி நிலத்தடியிலிருந்து வந்தது. 1997 முதல் உழவர்க்கு மின்சாரமும் விலையின்றிக் கிடைத்தது.

விளைவு என்ன? ஆண்டுதோறும் மண்ணுக்குள் இறங்கும் நீரில் எடுக்கத்தக்க அளவை 100 எனக் கொண்டால், பஞ்சாபில் எடுக்கப்படுவது 150-ஐத் தாண்டியே இருப்பதாக மைய நிலத்தடி நீர் வாரியத்தின் அண்மை மதிப்பீடுகள் காட்டுகின்றன. குட்டி ஈனும் அளவுக்கு மேல் ஆடுகளை உண்கிறோம் என்பது இதன் பொருள். கிணறு ஆழமாயிற்று, குழாய் ஆழமாயிற்று, பழைய மோட்டாரை எறிந்துவிட்டு நீர்மூழ்கி மோட்டார் வாங்கினர், அதற்குக் கடனும் வாங்கினர்.

இதைத் தடுக்க 2009-இல் பஞ்சாப் அரசு ஒரு சட்டம் இயற்றியது. ஜூன் 10-ஆம் நாளுக்கு முன் எவரும் நாற்று நடலாகாது என்பது அதன் விதி. கொடுங்கோடையில் வயலில் நீர் தேங்கி ஆவியாவதைத் தவிர்ப்பது நோக்கம், நல்ல நோக்கம். ஹரியானாவும் அதே ஆண்டில் அதுபோன்ற சட்டம் செய்தது. ஆயின் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். நெல் அறுத்து முடிவதற்கும் கோதுமை விதைப்பதற்கும் இடையே இரண்டு மூன்று வாரமே மிஞ்சியது. அறுவடை எந்திரம் கதிரை மட்டும் கொய்துகொண்டு தாளை வயலிலேயே நிற்க விடுகிறது. அதை அகற்றக் கூலியும் இல்லை, காலமும் இல்லை. தீக்குச்சி மலிவு. பருவமோ, காற்று ஓய்ந்து குளிர் இறங்கும் பருவம். நிலத்தடி நீரைக் காக்க எழுந்த சட்டம், இவ்வாறு தில்லிக் குழந்தைகளின் நுரையீரலை வருத்தும் காரணங்களில் ஒன்றாயிற்று. தலைநகரின் மாசுக்கு வாகனமும் ஆலையும் புழுதியும் ஆண்டு முழுவதும் தரும் பங்கை மறைத்து உழவரை மட்டும் பழிப்பது அறமன்று என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும்.

இக்கதையில் கொடியவர் எவரும் இல்லை என்பதே நம்மை உறங்கவிடாத செய்தி. உழவர் நாட்டின் சொல் கேட்டார். அரசு பசியைத் தீர்த்தது. அந்த அரிசி தென்னாட்டு நியாயவிலைக் கடைகள் வரைக்கும் வந்து ஏழையின் உலையை நிரப்பியது. விலையில்லா மின்சாரத்தைப் பஞ்சாபின் குற்றமாகப் பேசும் தமிழர், நம் மாநிலத்திலும் உழவர்க்கு மின்சாரம் விலையின்றியே வழங்கப்படுகிறது என்பதை மறவாதிருப்பது நலம். ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்ய, ஒருவரும் காவாத மந்தை குறைந்தது. தேசியச் செயல்நெறி என ஒன்று வேண்டுமாயின் இதற்காகத்தான் வேண்டும். நீருக்கு ஒரு துறை, நெல்லுக்கு ஒரு துறை, மின்சாரத்துக்கு ஒரு துறை, காற்றுக்கு ஒரு வாரியம் என்று தனித்தனியே சரியாக இயங்கினாலும், சேர்த்துப் பார்ப்பவர் இல்லையேல் ஒன்றன் மருந்து மற்றொன்றன் நோயாகிறது.

சேர்த்துப் பார்க்கும் வேலையைச் சில வேளைகளில் உச்ச நீதிமன்றம் செய்திருக்கிறது. 1996-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் 900-இற்கு மேற்பட்டவற்றின் கழிவால் பாலாற்றுப் படுகையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழ்பட்டதாகக் கூறிய ஆய்வை நீதிமன்றம் கருத்தில் கொண்டது. தோல் தொழில் அயல்நாட்டுச் செலாவணி ஈட்டுகிறது, ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை தருகிறது என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆயினும் மண்ணையும் நீரையும் கெடுக்கும் உரிமை அதனால் வந்துவிடாது என்றனர். மாசு செய்தவனே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு கூறு என்றும் அறிவித்தனர். 2014-இல் வந்த கோவாத் தீர்ப்போ வேறு வகையினது. அங்கே அளவின்றித் தோண்டப்பட்டது இரும்புக்கல். ஆண்டுக்கு 2 கோடி டன் என்று இடைக்கால வரம்பு விதித்த நீதிமன்றம், விற்பனைத் தொகையில் பத்தில் ஒரு பங்கை வருந்தலைமுறைக்கான நிலைநிதியில் இடுமாறு கட்டளையிட்டது.

ஒரே நீதிமன்றம், ஒரு தீர்ப்பில் டேலியின் குரல், மற்றொன்றில் சோலோவின் குரல். இதில் முரண்பாடு இருப்பதாக நாம் கருதவில்லை. இரும்புக்கல் குட்டி ஈனாது. ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். அதை எடுக்கத்தான் வேண்டுமென்றால், விலையை முதலாக்கி வட்டியை உண்பதே நேர்மை. கோவாவின் நிலைநிதியை அவ்வளவில் வரவேற்கலாம். பாலாற்றுப் படுகை நீரும் பஞ்சாப் நிலத்தடி நீரும் அத்தகையன அல்ல. அவை ஈனும் மந்தை. அவற்றைக் கொன்று விற்றுப் பணமாக வைப்பது, பேரனுக்குத் தாகம் எடுக்கும்போது கையில் காசோலையைத் தருவதாகும். எது ஈனும், எது ஈனாது என்று பிரித்தறியாத செயல்நெறி, எத்தனை பக்கம் கொண்டதாயினும் குமரப்பாவின் முதற்பாடத்தில் தவறியதே.

வட்டி என்றதால், பொருளியலார் ஆளும் ஒரு கருவியையும் தொட்டுச் செல்ல வேண்டும். எதிர்காலப் பயனை இன்றைய விலைக்குக் கழித்து மதிப்பிடுவது அவர் வழக்கம். ஆண்டுக்கு 10 விழுக்காடு கழித்தால், 50 ஆண்டுக்குப் பின் வரும் நூறு ரூபாய் இன்று ஒரு ரூபாய்க்கும் குறைவு. தன் பணத்தை முதலிடும் வணிகனுக்கு இது சரியான கணக்கே. ஆனால் 50 ஆண்டு தள்ளி வாழும் குழந்தையின் மூச்சையும் இதே கழிவில் மதிப்பிடலாமா? கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் பிராங்க் ராம்சி 1928-இலேயே இதை அறத்துக்கு ஒவ்வாதது என்றும் கற்பனைக் குறைவின் விளைவு என்றும் கண்டித்தார். அது வெளிவந்தபோது அவருக்கு வயது 25 தான்.

இதுவரை பேசியது முதல் வினா. இரண்டாவது அதனினும் கசப்பானது. சோழர் காலத்து நந்தா விளக்கைப் புகழ்ந்தோம். அதில் ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டோம். ஆட்டை விட்டவர் அரசியாகவோ அதிகாரியாகவோ வணிகராகவோ இருப்பார், புண்ணியம் அவருக்கு. ஆட்டை மேய்த்தவர் இடையர். பஞ்சம் வரினும் நோய் வரினும் 96 குறையாமல் காத்து, நாள் தவறாமல் நெய் அளக்கும் சுமை அவர்க்கும் அவர்தம் வழியினர்க்கும் உரியது. அழியாமை என்னும் பெருஞ்சொல்லின் பாரம் ஓர் எளிய குடும்பத்தின் தோளில் தலைமுறை தலைமுறையாக ஏறியது.

1972-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்திரா காந்தி அம்மையார் எழுப்பிய வழக்கும் இதுவே. வறுமையில் உழல்வோரிடம் காட்டையும் காற்றையும் காக்கச் சொல்வது எப்படி? முதலில் அவர்தம் வறுமை நீங்க வழி என்ன? செல்வ நாடுகளை நோக்கி அவர் கேட்டது சரி. அதே கேள்வியை இந்நாட்டின் செல்வரை நோக்கி, காட்டோரம் வாழும் பழங்குடி மகன் கேட்டால் நாம் என்ன விடை வைத்திருக்கிறோம்? சரணாலயம் அமைக்க அவன் குடிசையை அகற்றினோம். அணை கட்டவும் அவன் குடிசையையே அகற்றினோம். வளர்ச்சிக்கும் அவனே விலை, வளங்காப்புக்கும் அவனே விலை. கோவாவில் சுரங்கம் நின்றபோது, கல் ஏற்றிய லாரிக்குக் கடன் வாங்கியவரும் நாட்கூலியாளரும் முதலில் துன்புற்றனர். பல்லாண்டு ஈட்டிய சுரங்க முதலாளிக்குச் சேமிப்பு இருந்தது.

நம் சிற்றூர்களில் விதைநெல்லை உண்பது பெரும்பழி. கோட்டை கட்டி வைத்த விதைநெல்லில் கை வைத்த குடும்பத்தை ஊரார் இரக்கத்தோடும் அச்சத்தோடும் நோக்குவர். ஆனால் பசித்த குழந்தையின் முன் அதை அவிழ்த்த தாயை எந்த அறநூல் தண்டிக்கும்? பக்கத்து வீட்டுக் குதிர் நிறைந்திருக்க, இந்த வீட்டுத் தாய் விதைநெல்லை அவிழ்க்க நேர்ந்தால், பழி அவ்வூரில் எந்த வாசலில் நிற்க வேண்டும்? பிறவாதவர்க்கு நாம் பட்ட கடனை, பிறந்தவருள் மிக எளியவர் வயிற்றிலிருந்து பிடித்து அடைப்பது கடன் தீர்ப்பதாகாது. ஒரு கடனை மற்றொரு கடனால் மறைப்பதாகும். பஞ்சாப் உழவன் நெல்லை விட்டு மக்காச்சோளமோ பருப்போ விதைக்க வேண்டுமாயின், நெல்லுக்குத் தந்த கொள்முதல் உறுதியை அப்பயிர்க்கும் தந்து, மாற்றத்தின் இழப்பை நாடு ஏற்க வேண்டும். அவன் நீரை உண்டவர் நாம் யாவரும் அல்லவா?

கணக்கு எழுதும் வேலை ஒருவாறு தொடங்கியிருக்கிறது என்பதில் சிறிது ஆறுதல். பொருளியல் அறிஞர் பார்த்தா தாஸ்குப்தா தலைமையில் அமைந்த குழு, இயற்கை வளத்தையும் சேர்த்து நாட்டுக் கணக்கை எழுதுவதற்கான முறையை 2013-இல் வகுத்துத் தந்தது. மையப் புள்ளியியல் அமைச்சகம் 2018 முதல் காடு, நீர், நிலம், கனிமம் ஆகியவற்றின் கணக்குகளைத் தொகுத்து வெளியிட்டும் வருகிறது. அத்தொகுதியை எந்தத் தேர்தல் மேடையிலும் எவரும் தூக்கிக் காட்ட நாம் கண்டதில்லை. வரவு செலவுத் திட்ட நாளில் வருமான வரி குறைந்ததா என்று தேடும் நாமும் அதைத் தேடியதில்லை. கிரானைட்டில் எழுதாமல் தாளில் எழுதியதால் வந்த குறை அன்று இது. படிக்க வேண்டியவர் யார் என்று எழுதியவர்க்கும் தெரியவில்லை.

கல்வெட்டு எழுதியோர்க்கு அது தெரிந்திருந்தது. ஆட்டின் எண்ணிக்கையும் நெய்யின் அளவும் பொறித்து முடிந்த பின், இறுதி வரியில் அவர்கள் வருங்காலத்தானை நோக்கித் திரும்புவர். இவ்வறத்தைக் காப்பவன் திருவடி என் தலைமேல் என்பது அங்கே பலவிடத்தும் காணும் வாசகம். கொடுத்தவர் பெரும்பாலும் ஊரில் உயர்ந்தவர்; காக்கப்போகிறவன் இன்னும் பிறவாத எவனோ ஒருவன்; அவன் காலடிக்குத் தம் தலையைக் கொடுத்துவிட்டுச் சிற்பியிடம் உளியை நிறுத்தச் சொன்னார்கள்.